முப்பது யாருடைய முப்பது? மருத்துவக் காப்பீட்டின் விலையும் அதன் மொழியும்

மருத்துவக் காப்பீட்டின் விலை என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தைச் சொல்வோம். அது நுழைவுச் சீட்டின் விலை மட்டுமே. மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் நம் கையிலிருந்து போகும் தொகையையும் சேர்த்தால்தான் முழு விலை தெரியும். அந்த இரண்டாவது தொகையை முடிவு செய்பவை ஐந்தாறு சொற்கள்: டிடக்டிபிள், கோ-பேமென்ட், உள்வரம்பு, விகிதக் குறைப்பு, காத்திருப்புக் காலம், கேஷ்லெஸ். இச்சொற்களின் பொருள் விளங்காத ஒருவர், தாம் என்ன வாங்கியிருக்கிறோம் என்பதை அறியாமலேயே வாங்கியிருக்கிறார்.

இதைப் பொருளியலாளரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் நீண்ட காலமாகப் பேசி வருகின்றனர். மொழியியல் பயின்றோர் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. காப்பீட்டு ஒப்பந்தம் என்பது முழுக்க முழுக்க மொழியால் ஆன பண்டம். அரிசியை எடை போடலாம், துணியைத் தொட்டுப் பார்க்கலாம். காப்பீட்டில் விற்கப்படுவது ஒரு வாக்குறுதி, அந்த வாக்குறுதியின் எல்லைகள் சொற்களில் மட்டுமே இருக்கின்றன. அச்சொற்கள் வாங்குபவரின் மொழியில் இல்லையெனில், அல்லது இருந்தும் வேறு பொருள் தருமெனில், அதைப் பண்டத்தின் குறைபாடாகவே கொள்ள வேண்டும்.

என் கள ஆய்வு கௌதள்ளியைச் சுற்றி நடைபெறுகிறது. கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூருக்கு அப்பால் உள்ள ஊர். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. எல்லைக் கோடுகள் நகர்ந்தபோதும் மக்களின் பேச்சு அப்படியே நகர்ந்துவிடவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் கன்னடம், மருந்துச் சீட்டிலும் காப்பீட்டுத் தாளிலும் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழ்க்கை நடத்துவோர் இங்கே பலர். பெரிய சிகிச்சை என்றால் மைசூருக்குத்தான் செல்ல வேண்டும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மருத்துவக் காப்பீட்டின் மொழியை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் அரசுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் 2018 மார்ச்சில் ஆரோக்கிய கர்நாடகா தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இத்திட்டம் மக்களை இரு வகையாகப் பிரிக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் குடும்பத்தினர் தகுதி நோயாளிகள்; அவர்களுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஏனையோர் பொது நோயாளிகள். அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட சிகிச்சைக் கட்டணத்தில் 30 விழுக்காட்டை அரசு ஏற்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. மீதி 70 விழுக்காடு நோயாளியின் பொறுப்பு.

இப்போது இந்த 30 என்ற எண்ணைக் கவனியுங்கள். தனியார் காப்பீட்டில் பங்குத்தொகையை விழுக்காட்டில் சொல்லும்போது, அது நோயாளி கட்ட வேண்டிய பங்கு. '10 விழுக்காடு கோ-பேமென்ட்' என்றால் பத்தில் ஒன்றை நாம் கட்டுகிறோம். இங்கோ விழுக்காடு அரசின் பங்கு. எண் அளவைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. இத்திட்டத்தை ஒரு முதிய பெண்மணிக்கு நான் விளக்க முயன்றபோது அவர் கேட்டார்: “கண்ணு, முப்பதுன்னா நாம கட்டறதா, அவிய கட்டறதா?” மருத்துவக் காப்பீட்டு இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் படித்ததில்லை. எழுவாய் இல்லாத தொடர்களால் எழுதப்பட்ட தாள்களில் அவர் எழுவாயைக் கேட்டார். 2 லட்ச ரூபாய்ச் சிகிச்சையில் அந்த எழுவாயின் மதிப்பு 80,000 ரூபாய்: நாம் 30 கட்டினால் 60,000, 70 கட்டினால் 1,40,000.

அந்த வகைப்பெயரிலும் சிக்கல் உண்டு. பொது நோயாளியைக் கன்னடத்தில் 'சாமான்ய ரோகி' என்கின்றனர். கன்னடத்தில் 'சாமான்ய' என்பதற்குப் பொதுவான, வழக்கமான என்று பொருள். தமிழ்ச் செவிக்கோ 'சாமானியர்' என்றால் எளிய மக்கள், வசதியற்றோர். எனவே 'சாமான்ய ரோகி' என்ற சொல்லைக் கேட்கும் தமிழர் ஒருவர், அது ஏழைகளுக்கான வகை என்றும் கூடுதல் சலுகை உடையது என்றும் எண்ணிக்கொள்வதற்கு மொழியே இடம் தருகிறது. உண்மை நேர்மாறானது.

இன்னொரு சொல் 'உசித'. கன்னடத்தில் 'உசித சிகித்ஸெ' என்றால் இலவசச் சிகிச்சை. அதே வடசொல் தமிழில் 'உசிதம்' என்று வழங்கும்போது தகுந்தது, பொருத்தமானது என்ற பொருளிலேயே நின்றுவிட்டது. இருமொழியாளர் நாள்தோறும் இந்த வேறுபாட்டைத் தடையின்றிக் கடக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் மருத்துவமனை வரவேற்பறையில், பதற்றத்தில், அலுவல் மொழியில் கேட்கும்போது 'உங்களுக்கு இலவசம்' என்பதும் 'உங்களுக்குத் தகுந்தது' என்பதும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன.

இனித் தனியார் காப்பீட்டுக்கு வருவோம். 'டிடக்டிபிள்' என்ற சொல்லின் பொருள் எளியது: காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் நாம் ஏற்க வேண்டிய தொகை. அமெரிக்காவில் இது ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்னும் கூடுதல் காப்பீடுகளில் காணப்படுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சொல் அளவே, விளைவோ பெரிது. 3 லட்ச ரூபாய் டிடக்டிபிள் கொண்ட திட்டம் ஒன்றை ஒருவர் வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். ஒரே ஆண்டில் இருமுறை மருத்துவமனையில் சேர்கிறார், ஒவ்வொரு முறையும் 2 லட்சம் செலவாகிறது. டாப்-அப் திட்டம் ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியே அளக்கும். எதுவும் 3 லட்சத்தைத் தாண்டாததால் ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தத்தை அளக்கும். 4 லட்சத்தில் 3 லட்சம் போக மீதி 1 லட்சத்தை ஏற்கும். 'சூப்பர்' என்ற முன்னொட்டைக் கேட்பவர் அதை விளம்பரச் சொல் என்றே கருதுவார். அது 'ஆண்டுக்கு மொத்தமாக' என்ற பொருளைச் சுமப்பதாக எந்த மொழியின் அகராதியும் அவருக்குச் சொல்லப்போவதில்லை.

தமிழில் டிடக்டிபிளை எப்படிச் சொல்வது? 'கழிவுத் தொகை' என்று பெயர்த்தால் வணிக வழக்கு குறுக்கே நிற்கிறது. கடைத்தெருவில் கழிவு என்றால் வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. வருமான வரியில் 80டி பிரிவின்கீழ் மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைக்கும் கழிவும் நமக்கு ஆதாயமே. காப்பீட்டில் மட்டும் அதே வேர்ச்சொல் நமக்கு எதிராகத் திரும்புகிறது. 'பிடித்தம்' என்றால் சம்பளப் பட்டியல் நினைவுக்கு வரும். யாரோ நம்மிடமிருந்து பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பொருள் தரும், ஆனால் எப்போது என்பதைச் சொல்லாது. 'விலக்குத் தொகை' என்றால் அந்தத் தொகையிலிருந்து நமக்கு விலக்கு என்று படிக்க வாய்ப்புண்டு. மூன்று பெயர்ப்புகளும் இலக்கண வழுவற்றவை, மூன்றும் வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லக்கூடியவை.

என் முன்மொழிவு 'முதற்பொறுப்பு'. முதலில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அச்சொல் விடை தருகிறது. அதே முறையில் கோ-பேமென்ட்டை 'பங்குப்பொறுப்பு' எனலாம். கேஷ்லெஸ் என்பதைப் 'பணமில்லாச் சிகிச்சை' என்று பெயர்ப்பது பெரும் பிழை. பணமே தேவையில்லை என்று அது சொல்கிறது. உண்மையில் அது, ஏற்கப்பட்ட தொகையை நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும் ஏற்பாடு. ஏற்கப்படாததை நாம் கட்டியாக வேண்டும். 'நேரடித் தீர்வு' என்பது பொருந்தலாம். இவையே சரியானவை என்று நான் வாதிடவில்லை. எது சரி என்பதை, சொல்லைக் கேட்ட ஒருவர் தம் பங்கைச் சரியாகக் கணக்கிடுகிறாரா என்ற சோதனைதான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு என்றதும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றைச் சொல்ல வேண்டும்: விகிதக் குறைப்பு. காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் 1 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். கூடுதல் வாடகை 12,000 ரூபாய், அதைக் கட்டிவிடலாம் என்று குடும்பத்தினர் எண்ணுகின்றனர். ஆனால் வரம்பு வாடகையில் பாதி என்பதால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவையும் பாதியாகக் குறைக்கப்படும். மொத்தச் செலவு 2 லட்சம். அதில் வாடகை 24,000, மருத்துவர் முதலிய கட்டணங்கள் 1,20,000, மருந்தும் பரிசோதனையும் 56,000 என்றால், நிறுவனம் ஏற்பது 12,000, 60,000, 56,000 ஆக 1,28,000. இதற்குமேல் 10 விழுக்காடு பங்குப்பொறுப்பு இருந்தால் 1,15,200 ஆகிவிடும். நோயாளியின் கையிலிருந்து போவது 84,800. அவர் எதிர்பார்த்ததோ 12,000.

மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு விகிதக் குறைப்பு கூடாது என்றும், அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அது பொருந்தாது என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வரையறுத்தது. இந்த வரையறையை அறிந்தவர் பட்டியலைக் கையில் வாங்கியவுடன் கேள்வி கேட்க முடியும். அறியாதவர் கட்டிவிட்டு வெளியேறுவார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இது தமிழ், கன்னடம் சார்ந்த சிக்கலே அன்று. டிடக்டிபிள் என்ற கருத்தே கடினமானது என்பர். அதற்கு வலுவான சான்றும் உண்டு. ஜார்ஜ் லோவன்ஸ்டீனும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், காப்பீடு பெற்ற அமெரிக்கர்களிடம் டிடக்டிபிள், கோ-பே முதலிய நான்கு அடிப்படைக் கூறுகளைப் பற்றி நான்கு எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. நான்குக்கும் சரியாக விடையளித்தோர் 14 விழுக்காட்டினர் மட்டுமே. ஆங்கிலம் புழங்கும் நாட்டினரே ஆங்கிலத் தாளில் தடுமாறுகின்றனர்.

இதை நான் ஏற்கிறேன். இதிலிருந்து வருவது, மொழிபெயர்ப்பு தேவையற்றது என்ற முடிவன்று. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதே. வரையறையைத் தமிழில் தருவதைவிட நிகழ்வைத் தமிழில் தருவது பயனுள்ளது. 'கண்புரை அறுவைக்கு 70,000 ரூபாய் ஆனால் நாங்கள் இவ்வளவு தருவோம், நீங்கள் இவ்வளவு கட்டுவீர்கள்' என்று ஐந்து எடுத்துக்காட்டுகள் அச்சிட்டுத் தந்தால், கௌதள்ளி விவசாயியும் சிகாகோ ஆசிரியரும் ஒரே அளவில் பயனடைவர். ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுவடிவக் காப்பீட்டை ஆணையம் 2020இல் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதில் பங்குப்பொறுப்பு 5 விழுக்காடு. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய். கண்புரைக்குக் கண்ணொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. எல்லா நிறுவனங்களுக்கும் விதி ஒன்றே என்பதால், எடுத்துக்காட்டுகளையும் ஒரே முறை எழுதி இருபத்திரண்டு மொழிகளில் அச்சிட முடியும். முடியாதது எதுவும் இதில் இல்லை.

இரண்டாவது மறுப்பு பொதுச் சுகாதாரத்தில் ஈடுபாடுள்ள நண்பர்களிடமிருந்து வரும்: காப்பீட்டைப் புரியவைப்பது எதற்கு, அரசு மருத்துவமனைகளை வலுப்படுத்தினால் போதாதா? அவர்களுடைய கவலை நியாயமானது. டிடக்டிபிளை ஆதரிப்போர், கையிலிருந்து சிறிது பணம் போனால்தான் மக்கள் தேவையற்ற சிகிச்சையைத் தவிர்ப்பர் என்பர். 1970களில் தொடங்கி 1982 வரை அமெரிக்காவில் நடந்த ராண்டு ஆய்வு இதைச் சோதித்தது. செலவைப் பகிர்ந்தோர் குறைவாகவே சிகிச்சை பெற்றனர் என்பது மெய்ப்பட்டது. ஆனால் அவர்கள் தேவையற்றதையும் தேவையானதையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்துக்கொண்டனர். எந்தச் சிகிச்சை தேவை என்பதை முடிவு செய்யும் அறிவைப் பணச்சுமை யாருக்கும் தருவதில்லை.

இந்தியாவிலோ பெயரிடப்படாத டிடக்டிபிள் ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் உட்பட நம் பெருந்திட்டங்கள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வெளியில் வாங்கும் மாத்திரை, தனியார் மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், வெளியே எடுக்கும் பரிசோதனை ஆகியவை அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இத்தோடு தொலைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கௌதள்ளியிலிருந்து மைசூருக்குச் செல்லும் நோயாளியோடு ஒருவர் துணைக்குச் செல்ல வேண்டும். இருவரின் கூலி போகும், பேருந்துச் செலவு, சாப்பாடு, சில நாள் தங்கல் எல்லாம் உண்டு. சிகிச்சை முற்றிலும் இலவசமாகவே இருந்தாலும், அந்த இலவசம் தொடங்குமுன் இத்தொகையைச் செலவிட்டாக வேண்டும். காப்பீடு தொடங்குமுன் நாம் ஏற்கும் தொகை என்பதுதானே டிடக்டிபிளின் வரையறை? அவ்வாறெனில் நூறு கிலோமீட்டர் சாலையும் ஒரு டிடக்டிபிள்தான். மைசூர் நகரத்தாருக்கு அது பூச்சியம். மலையடிவார மக்களுக்கு அது சில வாரக் கூலி. எந்தத் தாளிலும் அது அச்சிடப்படுவதில்லை.

ஆகவே அரசு மருத்துவமனை அருகில் வேண்டும் என்ற கோரிக்கையும், காப்பீட்டின் மொழி தெளிவாக வேண்டும் என்ற கோரிக்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் நோயாளியின் கையிலிருந்து போகும் தொகையைப் பற்றியவை.

எளிய திட்டம் இயலாத கனவு என்போருக்குக் கர்நாடகமே விடை தந்திருக்கிறது. மருத்துவர் தேவி ஷெட்டியின் முன்முயற்சியோடு கூட்டுறவுத் துறை உருவாக்கிய யசஸ்வினி திட்டம் 2003 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினரான விவசாயி தலைக்கு ஆண்டுக்கு 60 ரூபாய், அதாவது மாதம் 5 ரூபாய் கட்டினார். பட்டியலிட்ட அறுவைச் சிகிச்சைகளை இணைந்த மருத்துவமனைகளில் பெற்றார். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். 2018இல் ஆரோக்கிய கர்நாடகாவோடு இணைக்கப்பட்டு நின்றுபோய், பின்னர் மீண்டும் உயிர் பெற்றது. புதிய வடிவில் நான்கு பேர் கொண்ட ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். இத்திட்டத்துக்குக் குறைகள் உண்டு; அறுவை தேவைப்படாத நோய்களைத் தொடக்கத்தில் அது ஏற்கவில்லை என்பது அவற்றுள் பெரியது. ஆனால் அதன் விதியை ஒரு சங்கச் செயலர் திண்ணையில் அமர்ந்து இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தது. வாய்மொழியாகச் சொல்ல முடிகிறதா என்பதைத் திட்டத்தின் தரத்துக்கு ஓர் அளவுகோலாகவே கொள்ளலாம்.

ஆணையமும் வாளாவிருக்கவில்லை. 2024 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டோடும் திருத்திய வடிவில் வாடிக்கையாளர் தகவல் தாள் தரப்பட வேண்டும். காத்திருப்புக் காலம், உள்வரம்பு, டிடக்டிபிள், முறையீட்டு வழி ஆகியவை அதில் எளிய நடையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் விரும்பினால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து காப்பீடு வைத்திருப்பவரின் கோரிக்கையை, மோசடி நிறுவப்பட்டாலன்றி, தகவலை மறைத்தார் என்று காட்டி மறுக்க இயலாது. நேரடித் தீர்வுக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்திலும் வெளியேறும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை கூறுகிறது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது.

இவை நல்ல மாற்றங்கள். என் மறுப்பு 'விரும்பினால்' என்ற ஒரு சொல்லின் மீது. உள்ளூர் மொழித் தாளைக் கேட்டுப் பெற வேண்டும் என்றால், அப்படிக் கேட்க உரிமை உண்டு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த உரிமை எழுதப்பட்டிருப்பதோ ஆங்கிலத்தில். யாருக்கு அந்தத் தாள் மிகவும் தேவையோ அவர்தாம் அதைக் கேட்க வாய்ப்பு மிகக் குறைந்தவர். தேர்வை மாற்றி வைக்க வேண்டும்: உள்ளூர் மொழித் தாள் தானாக வர வேண்டும், ஆங்கிலம் விரும்புவோர் கேட்டுப் பெறட்டும். 'உள்ளூர் மொழி' என்பதையும் மாநில ஆட்சிமொழி என்று சுருக்கிவிடக் கூடாது. கௌதள்ளியில் அது கன்னடமாகவும் இருக்கலாம், தமிழாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் எந்த மொழியில் படிப்பார், எந்த மொழியில் கேட்டுப் புரிந்துகொள்வார் என்ற இரு கேள்விகளை விண்ணப்பப் படிவத்தில் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. படிப்பது கன்னடத்திலும் கேட்பது தமிழிலும் என்பதே இவ்வட்டாரத்தில் பலருடைய நிலை.

பல மொழிகளில் தந்தால் சட்டக் குழப்பம் வரும், எந்த மொழி வடிவம் செல்லும் என்ற வழக்கு எழும் என்று நிறுவனங்கள் கூறலாம். ஒப்பந்த வாசகம் ஐயத்துக்கிடமாக இருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற நெறி நம் நீதிமன்றங்கள் காப்பீட்டு வழக்குகளில் நெடுங்காலமாக ஏற்றுவருவது. தெளிவின்மையின் சுமையை எழுதியவர் தலையில் வைக்கும் அந்த நெறி, தெளிவாக எழுதும் கடமையையும் அவருக்கே தருகிறது. வாங்குபவருக்கு விளங்காத மொழியில் எழுதிவிட்டு, அம்மொழியின் துல்லியத்தைக் காரணம் காட்டுவது முறையாகாது.

நம் வட்டத்துக்கும் இது அயலான செய்தியன்று. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆய்வாளர் ஊழியரல்லர் என்பதால் ஊழியருக்கான மருத்துவ வசதிகள் அவருக்குப் பெரும்பாலும் இல்லை. பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளைகள் பொதுவாக 25 வயதோடு விலகிவிடுகின்றனர். முனைவர் பட்ட ஆய்வு பலருக்கும் தொடங்குவதே அந்த வயதில்தான். பல்கலைக்கழகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு இருந்தால், அதன் உள்வரம்புகளை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் தம் காப்பீட்டுத் தாளைப் படிக்க இயலவில்லை என்றால், படிப்பறிவின்மையைக் குறை சொல்லிப் பயனில்லை. தாள் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே சில முன்மொழிவுகள்.

1. மொழியியல், மொழிபெயர்ப்புத் துறைகள் காப்பீட்டுச் சொற்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு சிறு சொல்லடைவை உருவாக்கலாம். முப்பது சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு கணக்கோடு சோதித்த பின்னரே ஏற்க வேண்டும். 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கும் மைசூரில் இதற்கு ஆள் பஞ்சமில்லை.

2. எந்த விழுக்காட்டையும் எழுவாயோடு எழுத வேண்டும் என்ற விதியை அரசும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். '30 விழுக்காடு' என்பது வாக்கியமன்று. '30ஐ அரசு கட்டும், 70ஐ நீங்கள் கட்டுவீர்கள்' என்பது வாக்கியம்.

3. சட்டக் கல்லூரி மாணவர்களும் சமூகப்பணித் துறையினரும் தம் ஊரில் மாதத்தில் ஒரு நாள் காப்பீட்டுத் தாள் படிக்கும் அமர்வு நடத்தலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் விடை வராவிட்டாலோ விடை நிறைவளிக்காவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் அலுவலகங்கள் உள்ளன. இந்த நான்கு செய்திகளைச் சொல்வதே ஒரு குடும்பத்துக்குப் பெரும் உதவி.

4. ஆய்வாளர் சங்கங்கள் தம் குழுக் காப்பீட்டின் தகவல் தாளைக் கேட்டுப் பெற்று, தாய்மொழியில் ஒரு பக்க விளக்கம் எழுதிப் பொதுவில் வைக்கலாம்.

மொழிகளுக்கிடையே சொல் எப்படிப் பொருள் மாறுகிறது என்பதைப் பாடமாகப் படிக்கிறோம், கட்டுரையாக எழுதுகிறோம், கருத்தரங்கில் வாசிக்கிறோம். அந்தப் பொருள் மாற்றத்துக்கு ரூபாயில் விலை உண்டு என்பதையும், அந்த விலையைக் கட்டுவோர் யார் என்பதையும் கௌதள்ளியில் கற்றுக்கொள்ள முடிந்தது. சொல்லடைவுப் பணியில் சேர விரும்பும் மொழியியல், சட்டம், பொருளியல், பொதுச் சுகாதாரத் துறை நண்பர்கள் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். உங்கள் ஊரில் டிடக்டிபிளுக்கு மக்கள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். நாம் புனையும் சொல்லைவிட அது சிறந்ததாக இருக்கக்கூடும்.